அருவியில் குளித்த டைனோசர்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் தென்காசி வீட்டில் பகடை உருட்டிக் கதை விளையாடுவோம். மந்திரமும் வாளுமாக ஒரு உலகம். கதையை நடத்துவது நான். அண்ணன் வாள்வீரன், மதினி மந்திரக்காரி. நிஜத்தில் மதினி போலீஸ். சீசன் வந்தால் குற்றாலத்தில் அருவிக்கரை டியூட்டி.

அன்றைக்குக் காட்டருவியின் அடியில் ஒரு டைனோசரை நிறுத்தினேன். பனை உயரம், கத்தி கத்தியாகப் பல். அதைக் கொன்றால்தான் அருவிக்குப் பின்னால் இருக்கும் குகைக்குள் நுழைய முடியும். இவர்களை நடுங்க வைக்க ஒரு வாரமாக யோசித்து வைத்திருந்தேன்.

அண்ணன் வாளை உருவினான். மதினி அவனைத் தடுத்து, "அது என்ன செய்யுது?" என்று கேட்டாள்.

"குளிக்குது" என்று யோசிக்காமல் சொல்லித் தொலைத்தேன்.

"அவ்வளவுதானா?" மதினி இரண்டு விரலை வாயில் வைத்து வீடே அதிர விசில் அடித்தாள். "ஏலே, குளிச்சது போதும், வெளிய வா! பின்னால எத்தன பேரு நிக்காவ!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "டைனோசருக்கு விசில் புரியுமா மதினி? பகடைய உருட்டுங்க" என்றேன். இருபது முகப் பகடையில் இருபதே விழுந்தது. இருபது விழுந்தால் சொன்னது நடந்தே ஆகவேண்டும், அதுதான் ரூல். டைனோசர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கரையேறியது. அண்ணன் சிரித்துச் சிரித்துப் பாயில் உருண்டான்.

மறுவாரம் குற்றாலம் மெயினருவியில் கண்ணை மூடி நின்றேன். விசில் கேட்டதும் விழுந்தடித்து வெளியே வந்தேன். பெண்கள் பக்கத்தை நோக்கி ஊதியிருந்த மதினி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"டைனோசரே தேவல கொழுந்தனாரே, அதுக்காவது பகடை உருட்ட வேண்டியிருந்துச்சி."