மாகாணத்தின் கடிதம்

தியாகலிங்கம் மாஸ்டரோடு பாத்திரம் கழுவியவர்கள் எல்லோருக்கும் அமெரிக்க அரசியலமைப்பு தெரியும். எனக்கு இன்றைக்கும் தெரியும், தெரிந்து ஒரு பிரயோசனமும் இல்லை. மொன்ட்ரியால் டவுன்டவுனில் ஒரு உணவகத்துச் சமையலறையில் எங்கள் இருவருக்கும் பகல் வேலை. ஊரில், கல்லடியில் உயர்தர வகுப்புக்கு அரசியல் படிப்பித்த மனிதர், முழங்கைவரை சவர்க்கார நுரையோடு நின்று, சட்டம் இயற்றுகிறவன் ஒருவன், நடத்துகிறவன் இன்னொருவன், நீதி சொல்லுகிறவன் மூன்றாமவன் என்று விளக்குவார். அதற்கு மேல் தனித்தனி அதிகாரத்தோடு ஐம்பது மாநிலங்கள், அதுதான் சமஷ்டி, கூட்டாட்சி. ஜனாதிபதி நினைத்தாலும் ஒரு மாநில ஆளுநரை வீட்டுக்கு அனுப்ப முடியாது என்று சொல்லும்போது அவருடைய முகத்தைப் பார்க்கவேண்டும், அந்தச் சட்டத்தைத் தானே எழுதியதுபோல இருப்பார்.

"எங்களுக்கும் அப்பிடியொரு சமஷ்டி கிடைச்சிருந்தா நான் ஏன் இஞ்ச சட்டி தேய்க்கிறன்?" என்று முடிப்பார்.

மொன்ட்ரியால்-நோரில் எங்கள் வீட்டுப் பின்னறையில்தான் வாடகைக்கு இருந்தார். மனைவி கனகமணி அக்கா ஊரில், நாவலடிக் கடற்கரையோரம். ஆறு வருஷமாக டெலிபோனில்தான் குடித்தனம். அவவை இங்கே கூப்பிட ஸ்பொன்சர் பண்ணிவிட்டுத் தினமும் தபால்பெட்டியைத் திறந்து பார்ப்பார், ஞாயிற்றுக்கிழமையும் பார்ப்பார்.

இரண்டாயிரத்து நான்கு மார்ச்சில் ஒட்டாவாவிலிருந்து மத்திய அரசின் கடிதம் வந்தது. ஸ்பொன்சர் செய்ய அவர் தகுதியானவராம். அன்றைக்கே அக்காவுக்கு நீலத்தில் ஒரு குளிர்கோட்டு வாங்கி வந்து, அளவு பார்க்க என் மனைவி லோஜினியைப் போட்டுக் காட்டச் சொன்னார்.

இரண்டு கிழமைக்குப் பிறகு எங்கள் மாகாணமான கியூபெக் அரசின் படிவம் பிரெஞ்சில் வந்தது. லோஜினி கார்டறியில், பகல் காப்பகத்தில், சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிறவள், பிரெஞ்சு வாசிப்பாள். இதையும் நிரப்பி அனுப்பினால்தான் அக்கா வரலாம் என்றாள். மாஸ்டர் சிரித்தார்.

"இது மாகாணத்தின்ர கடிதம், பிள்ளை. ஒட்டாவா ஓமெண்டா மாகாணம் என்ன செய்யேலும்?"

அதில்தான் எனக்கு இன்னும் ஆத்திரம். மாகாணசபை என்றால் ஊரில் அவர் கண்டது, கொழும்பு தலையாட்டாமல் ஒரு பியோனைக்கூட நியமிக்க முடியாத சபை. இருபது வருஷம் சமஷ்டி படிப்பித்தவர், சமஷ்டிக்குள்ளேயே வந்து குடியிருந்துகொண்டு அதை நம்பவில்லை. அவரை மட்டும் சொல்லி என்ன, நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். லோஜினி இரண்டு தரம் ஞாபகப்படுத்திவிட்டு வாயை மூடிக்கொண்டாள். படிவம் பிரிட்ஜுக்கு மேலே கிடந்தது.

செப்டம்பரில் பொறுமை கெட்டு, லோஜினியைக் கொண்டு ஒட்டாவாவுக்கு போன் எடுப்பித்தார். கியூபெக்கின் சம்மதம் வராமல் கோப்பு நகராது, அது மாகாணத்தின் அதிகாரம், தாங்கள் அதில் கைவைக்க முடியாது என்றார்கள். மாஸ்டர் படிவத்தை எடுத்துத் தூசி தட்டினார். லோஜினி நிரப்ப, கையெழுத்து வைத்தார்.

"நான் படிப்பிச்ச பாடம்தான்," என்றார். அதற்குப் பிறகு சமையலறையில் அவர் அமெரிக்காவைப் பற்றிப் பேசவில்லை.

டிசம்பர் இருபத்தாறு காலை, கடல் ஊருக்குள் வந்ததை டீவியில் காட்டினார்கள். மூன்று நாள் விடாமல் டெலிபோன் எடுத்தார். நாலாம் நாள் அக்காவின் தம்பி கிடைத்தார். நாவலடியில் அவர்களுடைய ஒழுங்கையில் ஒரு வீடும் மிஞ்சவில்லை. அக்காவின் உடல் கிடைத்து, அன்றே புதைத்துவிட்டார்களாம்.

எந்த முகத்தோடு நான் ஆறுதல் சொல்வது? படிவத்தை ஏப்ரலிலேயே அனுப்பியிருந்தால் அக்கா குளிர் தொடங்க முன்னமே இங்கே வந்திருப்பா. அதை மூன்று பேரும் நினைத்தோம். நினைத்ததை ஒருவருக்கொருவர் காட்டாமல் சோறு சாப்பிட்டோம்.

ஜனவரிக் கடைசியில் கியூபெக்கின் சம்மதம் வந்தது, அக்காவின் முழுப்பெயரோடு. மாஸ்டர் லோஜினியைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை வாசிக்கச் சொன்னார். வாசித்தவள் அழுதாள். அவர் அழவில்லை, அந்த நீலக் குளிர்கோட்டை மடித்து அவளிடம் கொடுத்தார்.

பிறகு எழுதக் கடதாசி கேட்டார். மனைவி இறந்துவிட்டதை அறிவிக்கவேண்டும். ஒட்டாவாவுக்கு எழுதினால் போதும், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றேன். சொன்ன பிறகுதான் என் வாயில் நானே அடிக்கவேண்டும்போல இருந்தது.

"இல்ல தம்பி, மாகாணத்துக்குத் தனியா எழுதவேணும்," என்றார்.

முதலில் அதைத்தான் எழுதினார்.