வயிற்றில் எலியோடு வாசலில்

கோர்ன் ஸ்னேக் என்கிற சோளப் பாம்புக்கு எங்கே வைத்துச் சாப்பாடு கொடுப்பது என்று யாராவது கேட்டால் ஒரே வரியில் சொல்லிவிடுவேன்: அது வாழும் கண்ணாடித் தொட்டியிலேயே. வேறு பெட்டிக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும் என்று இணையத்தில் இன்னும் சிலர் சண்டை பிடிக்கிறார்கள். பிடிக்கட்டும். விழுங்கிய பாம்பைத் தூக்கி அலைத்தால் கக்கிவிடும், அவ்வளவுதான் என் கட்சி. எப்படிக் கொடுப்பது என்பதும் பெரிய வித்தையில்லை. உறைந்த எலியை மெல்ல இளகவிட்டு, பையோடு சுடுதண்ணீரில் அமிழ்த்தி, நீள இடுக்கியால் பிடித்து முன்னால் கொஞ்சம் ஆட்டினால் போதும். பிறகு இரண்டு நாளைக்குத் தொடக்கூடாது, சூடு குறையவும் கூடாது. குளிரில் பாம்புக்குச் செரிக்காது. எலி வயிற்றுக்குள்ளேயே அழுகும்.

இதை எங்கள் வீட்டில் நான் எத்தனை தரம் வகுப்பெடுத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. சுவிஸில், பூம்ப்ளிஸில் மூன்றாம் மாடி, மூன்று அறை, அதில் ஒன்று எனக்கும் பாம்புக்கும். எலிக்கென்று தனியாக ஒரு குட்டிக் குளிர்பெட்டி. அது இருந்தபடியால்தான் அம்மா சம்மதித்தார். அப்பாவுக்கோ வேடிக்கை. நான் இடுக்கியை எடுத்தால் தொலைக்காட்சியை விட்டுவிட்டு வந்து கதவுநிலையில் சாய்ந்துகொள்வார். “தலைப்பக்கத்தாலதான் துவங்குது, பாத்தியே,” என்று ஒவ்வொரு தரமும் புதிதாகக் கண்டுபிடித்ததைப்போலச் சொல்வார்.

போன இலையுதிர்காலத்தில் பாம்பு சாப்பிட மறுத்தது. இன்னும் வளராத குட்டி. எலியை நீட்டினால் தலையைத் திருப்பிக்கொண்டது. முதுகெலும்பு கையில் தட்டுப்பட ஆரம்பித்ததும் மருத்துவரிடம் கொண்டுபோனேன். தோல் உரித்தபின் பசி வரும், வந்த உடனே சின்ன எலியாகக் கொடு, சூட்டில் வைத்திரு, இனியும் பட்டினி கிடந்தால் தாங்காது என்றார் அவர். நான் தோலுக்காகக் காத்திருந்தேன். தோல் கழன்றது கந்தசஷ்டி விரதத்துக்குள்.

எங்கள் வீட்டில் சஷ்டி என்றால் வீடே கழுவப்படும். மச்சச் சட்டி எல்லாம் பெட்டிக்குள் போகும். மீனும் இறைச்சியும் மச்சம், முட்டையும் மச்சம். உறைந்த மீனை அம்மா கீழ்வீட்டுப் போர்த்துக்கீசக் குடும்பத்துக்குத் தூக்கிக் கொடுத்தார். எலியை யார் வாங்குவார்கள்? குட்டிக் குளிர்பெட்டி பால்கனிக்குப் போனது. அந்த வருடம் விரதம் பிடிக்கவென்று ஃப்ரிபூர்க்கிலிருந்து பெரியம்மாவும் பெரியப்பாவும் வந்திருந்தார்கள். பாம்பு சாப்பிட்டே ஆகவேண்டும் என்று நான் சொன்னதும் பெரியம்மா சிரித்தார்.

“முருகன்ர மயிலின்ர காலுக்குக் கீழயும் பாம்புதான் கிடக்குது. அது விரதம் இருக்கேல்லையே? சோளப் பாம்பெண்டால் சோளத்தைக் குடன்.”

எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவும்.

அம்மாதான் வழி சொன்னார்: வீட்டுக்குள் வேண்டாம், கீழே கெலரில் வைத்துக் கொடு. கெலர் என்பது கட்டடத்துக்கு அடியில் ஒவ்வொரு வீட்டுக்கும் பலகையடித்துப் பிரித்த சாமான் அறை. எங்களுடையதில் பழைய சூட்கேசுகளும் காரின் குளிர்காலச் சில்லுகளும் இருந்தன. சூட்டு விளக்குக்கு மின் இணைப்பு கிடையாது. சம்மதித்தேன். பாம்பை ஒரு சின்னப் பெட்டியில் விட்டு, துணியால் சுற்றிக் கீழே கொண்டுபோய், அது விழுங்கியதும் ஆட்டாமல் அசைக்காமல் மேலே கொண்டுவந்து விளக்குச் சூட்டில் வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். என் கட்சிக்கு எதிரான வேலைதான். வேறு வழி இருக்கவில்லை.

அது சாப்பிட்டது. அத்தனை வாரத்துக்குப் பிறகு, நீட்டிய உடனே பாய்ந்து பிடித்து, மூன்று சுற்றுச் சுற்றி, தலைப்பக்கத்தால் துவங்கியது. சில்லுகளுக்கு நடுவில் குந்தியிருந்து தனியாகச் சிரித்தேன். பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி வந்தேன்.

வாசலில் அம்மா நின்றார். அவருக்குப் பின்னால் பெரியம்மா.

“உள்ள கொண்டு வராத, பிள்ளை. வயித்துக்குள்ள மச்சம் கிடக்குது தானே.”

விளையாட்டு என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு வாய் சும்மா இருக்கவில்லை. “பெரியப்பா நேற்று வரேக்க இறைச்சிக் கொத்துரொட்டி திண்டுட்டுத்தானே வந்தவர். அவரை என்னெண்டு உள்ள விட்டனீங்கள்?”

“அவர் தலைமுழுகித் தோய்ஞ்சவர்,” என்றார் பெரியம்மா. பெரியப்பா சாமியறைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

குளிர் என்றேன். செத்துப்போகும் என்றேன். அப்பாவைப் பார்த்தேன். கதவுநிலையில் நின்று பார்க்கிற மனிதர் அன்று கதிரையை விட்டு எழும்பவில்லை. “இண்டைக்கு ஒருநாள் கீழ கிடக்கட்டும். விடிஞ்சாப் பிறகு கதைப்பம்,” என்றார். பேருந்தில் ஏற்றி வேறு யார் வீட்டுக்காவது கொண்டுபோகலாமா என்றும் யோசித்தேன். அந்தக் குலுக்கலுக்கே கக்கிவிடும். சுடுதண்ணீர்ப் பையையும் என் குளிர்ச் சட்டையையும் பெட்டிக்குச் சுற்றிக் கெலரில் வைத்துவிட்டு வந்தேன். அன்று பூசையில் நிற்கவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.

காலையில் பை சில்லிட்டிருந்தது. பெட்டியைத் திறக்க முன்பே அழுகல் மணம் வந்தது. பாதி கரைந்த எலி ஒரு மூலையில், பாம்பு மறு மூலையில், வாயை மூடாமல். கக்கிய பாம்புக்குத் தொண்டை வெந்துபோயிருக்கும். அடுத்த சாப்பாட்டுக்குத் திரும்பவும் காத்திருக்க வேண்டும், இல்லாத உடம்போடு.

விரதம் முடியும்வரை நான் காத்திருக்கவில்லை. பாம்பு வளர்க்கும் ஒரு சுவிஸ் பெண்மணி ஆராவ் என்ற ஊரில் இருந்தார், இணையத்தில் ஏற்கெனவே எழுதிப் பழக்கம். தன் காரிலேயே வந்து, சூடான பெட்டியில் வைத்துக் கொண்டுபோனார். என் வீட்டில் என்ன பிரச்சினை என்று கேட்டார். என்னிடம் ஜெர்மன் நிறைய இருக்கிறது. அதற்கு மட்டும் இருக்கவில்லை. இடம் போதாது என்றேன்.

சில வாரம் கழித்து அவர் கூப்பிட்டார், ஆராவ் போனேன். சமையலறை மேசைக்குப் பக்கத்தில் தொட்டி. அவர் கோப்பியைக் குடித்துக்கொண்டே எலியை நீட்டினார், அது எடுத்தது. திருப்பித் தரட்டுமா என்று கேட்டார். நான் தொட்டியைப் பார்த்தேன், விளக்கைப் பார்த்தேன். வேண்டாம் என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா மீன் பொரித்துக்கொண்டிருந்தார். எங்கே போய்வருகிறேன் என்று அவருக்குத் தெரியும். திரும்பாமலே கேட்டார்:

“சாப்பிட்டுதோ?”

“ஓம். வீட்டுக்குள்ள வச்சுத்தான் சாப்பிட்டது.”

அம்மா மீனைப் புரட்டிப் போட்டார். எனக்கும் ஒரு சாப்பாட்டுக் கோப்பை எடுத்து வைத்தார். நான் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.