மீனும் மாத்திரையும் ஏறும் ஒரே பஸ்

ஈஸ்டர் முடிந்த மறுநாள் உவரியிலிருந்து போன். எஸ்.டி.டி. பூத்தில் நின்று கத்தியவர் என் நண்பர் லூர்து அண்ணாச்சி. கடற்கரையில் மீன் ஏலம் கூறுகிறவர்.

"நம்ம கோயில் அந்தோணியார் என்னைக் கைவிட்டுட்டாரு வே!"

அண்ணாச்சிக்குப் பார்க்கின்சன். கை நடுங்கும், கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். மாத்திரை போட்டால்தான் நடை. பெரிய வெள்ளியன்று வெறும் கஞ்சியோடு மாத்திரையைப் போட்டுவிட்டு, சிலுவைப்பாதை முழுக்கத் தடுமாறாமல் நடந்திருக்கிறார். ஊரே 'புதுமை', அந்தோணியார் செய்த அற்புதம் என்றது! ஈஸ்டர் அன்று காலையிலேயே பாரை மீன் குழம்பு, மேலே அதே மாத்திரை... நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. யார் செய்த பாவம் என்று வீட்டில் விசாரணை வேறு.

ஏலத்துக்கு வேறு ஆளைப் போடலாம் என்றும் பேச்சு கிளம்பிவிட்டது.

"கரையில நிக்க முடியலேன்னா நான் எதுக்குவே இருக்கணும்?"

அடுத்த பஸ்ஸிலேயே உவரிக்குப் போனேன். பாளையங்கோட்டையில் அவருடைய டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

"மாத்திரையை எதோட சாப்பிடுதீங்க?"

"மீனும் சோறும் தின்னுட்டுத்தான். வெறும் வயித்துல மருந்து ஆகாதுல்லா?"

டாக்டர் சிரித்துவிட்டார். மருந்து தானாகப் போய்ச் சேர்ந்துவிடாதாம். செல்லுக்குள் தூக்கிக்கொண்டு போகவே சில புரதங்கள் உண்டாம். இரும்பு, செம்புக்குக்கூட அப்படி ஆள் இருக்கிறதாம்! இந்த மாத்திரையைக் குடலிலும் மூளை வாசலிலும் ஏற்றிச்செல்லும் புரதம்தான், மீன் செரித்து வரும் சத்தையும் ஏற்றிச்செல்கிறது.

"ஒரே பஸ் அண்ணாச்சி. மீன் முண்டியடிச்சு ஏறிக்கிடுது. மாத்திரை ஸ்டாண்டுலயே நிக்குது. பகல்ல மீன், கறி வேண்டாம். ராத்திரி சாப்பிடுங்க."

உவரிக்காரரிடம் பகலில் மீன் வேண்டாம் என்பதா? நடக்கிற காரியமா?

அண்ணாச்சி பல்லைக் கடித்துக்கொண்டார். "சரி. இனி தினமும் எனக்குப் பெரிய வெள்ளிதான்."

நல்ல மருந்தைக் கொடுத்தால் போதும் என்று நினைக்கிறோம். அது உள்ளே போக வழிவிட்டோமா என்று யார் பார்க்கிறோம்?

நேற்றுக் காலை உவரிக்குப் போனேன். கஞ்சி, ஊறுகாய், மாத்திரை — முடித்துவிட்டு மணலில் நிற்கிறார் மனிதர்! கை கொஞ்சம் நடுங்கத்தான் செய்தது. ஆனால் கால் நடந்தது, பைய. குரல் கரை முழுக்கக் கேட்டது. அவர் மனைவி மட்டும் இன்னமும் 'புதுமை' என்றுதான் சொல்கிறார். சொல்லட்டுமே!

கடைசியாக ஒரு நெய்மீன் வந்து விழுந்தது. அண்ணாச்சி அதைப் பார்த்த பார்வை இருக்கிறதே... எச்சிலை விழுங்கிக்கொண்டு, அதன் அருமை பெருமைகளைச் சொல்லிச் சொல்லி ஏலத்தை ஏற்றினார்.

பசித்தவன் கூறினால் மீனுக்கு விலை கூடத்தான் செய்கிறது!