தண்ணீர் கலந்த மருந்து

முதல் அறிகுறி கொட்டாவி. நன்றாகத் தூங்கி எழுந்தவனுக்குக் காலை பத்து மணிக்குத் தாடை வலிக்கும் அளவுக்குக் கொட்டாவி வந்தது. பிறகு மூக்கிலும் கண்ணிலும் நீர் வடிந்தது. சித்திரை வெயிலில் கை முழுக்க மயிர் குத்திட்டு நின்றது. சளி பிடித்திருக்கிறது என்று என் மனைவி சரோஜா மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள். பன்னிரண்டு மணிக்குக் கம்பவுண்டர் வந்து ஊசி போட்டார். கால் மணி நேரத்தில் சளி போய்விட்டது. எந்தச் சளியும் அப்படிப் போகாது என்பது எங்கள் இருவருக்கும் அன்று உறைக்கவில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. மண்ணூர்பேட்டையில் ஒரு பட்டறையில் பிரஸ் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். சங்கிலியில் தூக்கிய இரும்பு அச்சு நழுவி என் வலது தொடைமேல் விழுந்தது. எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் காலில் எடை கட்டித் தொங்கவிட்டு ஒன்பது வாரம் படுத்திருந்தேன்.

அங்கே பெத்தடின் (அபினியைப் போல மூளையில் வேலை செய்து வலியை அடக்கும் ஊசி மருந்து) போட்டார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். அது இல்லாமல் எலும்பை இழுத்து நேராக்கியிருந்தால் கத்தியே செத்திருப்பேன். இரண்டாவது வாரத்துக்குப் பிறகு சாதாரண மாத்திரைதான் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு அனுப்பிய நாளில், அம்பத்தூரில் எங்கள் வீடு வரை வண்டி குலுங்குமே என்று ஓர் இளம் டாக்டர் சீட்டில் ஒரு வரி சேர்த்தார். வலி இருந்தால் பெத்தடின். எத்தனை நாளைக்கு என்று எழுதவில்லை. அவர் கெட்டவர் இல்லை. அவசரத்தில் இருந்தார். அந்த அவசரத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இன்னும் இரண்டு சொல் எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருக் கம்பவுண்டருக்கு அந்தச் சீட்டே போதுமானதாக இருந்தது. சைக்கிளில் வருவார். "வலிக்குதா அண்ணாத்தே?" என்பார். வலிக்குது என்பேன். போட்டுவிட்டுப் போவார். எங்கே வலிக்கிறது என்று ஒருநாள்கூட அவர் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்கும் பதில் தெரிந்திருக்காது. வீட்டுக்கு வந்த மூன்றாவது மாதத்தில் தொடையில் பெரிதாக ஒன்றுமில்லை. ஊசி நேரம் நெருங்கினால் உடம்பு முழுக்க வலித்தது. அவ்வளவுதான்.

கண்டுபிடித்தது என் அக்கா கன்னியம்மா. பட்டாபிராமில் ராணுவக் குடியிருப்பு வீடுகளில் சமையல் வேலை செய்துவந்தாள். கணவன் இல்லை, பிள்ளை இல்லை. ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி வந்து எங்களை அதட்டிவிட்டுப் போவாள். அன்றைக்கு என் சட்டைக் கையை மேலே தூக்கிப் பார்த்தாள்.

"இன்னாடா இது, சல்லடை மாதிரி கீது? காலு ஒடஞ்சதுக்குக் கைல இன்னா வேல?"

கம்பவுண்டர் வந்தபோது வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "இனிமே ஊசி கீசின்னு இந்த ஊட்டுப் பக்கம் வந்தே, சைக்கிளத் தூக்கிக் கால்வாய்ல போட்டுடுவேன்" என்றாள். அவர் திரும்பிப் போய்விட்டார்.

மறுநாளிலிருந்து மூன்று நாள் நான் மனிதனாகவே இல்லை. வாந்தி, பேதி, கால் நரம்பெல்லாம் முறுக்கி இழுத்தது. பட்டாபிராமுக்குத் திரும்பாமல் தங்கிவிட்ட அக்காவைப் பார்த்துச் சொல்லக்கூடாத வார்த்தையெல்லாம் சொன்னேன். அவள் பயந்துபோய், சரோஜாவும் அவளுமாக என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள்.

அங்கே ஒரு பெண் டாக்டர் எங்கள் மூவரையும் சேர்த்துத் திட்டினார். "இவ்வளவு நாள் போட்டதும் தப்பு. ஒரே நாள்ல நிறுத்தினதும் தப்பு" என்றார். உடம்பு அந்த மருந்துக்குப் பழகிவிட்டது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்க வேண்டும் என்று விளக்கினார். மூன்று வாரம் அங்கேயே வைத்து இறக்கினார். "இது உங்க குணக்கேடு இல்ல. நோய் மாதிரிதான்" என்று அவர் சொன்னது மட்டும் எனக்கு உதவியது. உறவினர்கள் வேறு பெயர் வைத்தார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் என் காதுபடவே 'அபினிக்காரன்' என்றார்கள். தினமும் சாராயம் குடித்துவிட்டு வருகிறவன்கூடச் சொன்னான்.

மூன்று வருடம் கழித்து அக்காவுக்குக் கருப்பைவாய்ப் புற்று. கதிர்வீச்சு கொடுத்தும் (எங்கள் பக்கம் கரண்டு வைப்பது என்பார்கள்) நிற்காமல் முதுகெலும்புக்கு ஏறிவிட்டது. அவளை எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டேன். அதே பெண் டாக்டரிடம்தான் காட்டினேன். அவர் மார்பியா (அபினியிலிருந்து எடுக்கப்படும் வலி மருந்து) கலந்த மருந்து ஒரு புட்டி கொடுத்தார். அளவு தெரியக் கோடு போட்ட காகிதம் ஒட்டிய புட்டி. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஏழு நாளைக்கு.

மார்பியா என்ற பெயரைக் கேட்டதுமே என் முதுகு வியர்த்தது. நான் பட்டது அவள் படக்கூடாது என்று நினைத்தேன். அளவில் பாதியைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி, மீதிக்குத் தண்ணீர் சேர்த்துக் கொடுத்தேன்.

"இன்னாயா, கோடு எறங்கவே மாட்டேங்குது?" என்று சரோஜா கேட்டாள். "ஒனக்குத் தெரியாது, சும்மா இரு" என்றேன். உண்மையில் அந்த வீட்டில் எல்லாம் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். முந்தானையை வாயில் கடித்துக்கொள்வாள். மருந்து கேட்கிறதா என்று கேட்டால், "கொஞ்சம் கேக்குது நைனா, அப்பால இல்ல" என்பாள். பார்க்க வந்தவர்கள் பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். நானும் பொறுத்துக்கொள்ளத்தான் சொன்னேன்.

பதினோராவது நாள் டாக்டரிடம் போனேன். அவர் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"ஏழு நாளைக்குத்தானே குடுத்தேன். இன்னும் மருந்து இருக்கே. எப்படி?"

"பழக்கம் ஆயிடுமோன்னு பாதி பாதியா குடுத்தேன் டாக்டரம்மா. எனக்கு ஆச்சே..."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். கோபத்தில் அவர் முகம் சிவந்துவிட்டது.

"உங்களுக்கு வலி போன பிறகும் ஊசி வந்துது. அவங்களுக்கு வலி இருக்கும்போதே மருந்து வரல. ரெண்டும் ஒண்ணா? அவங்க இன்னும் எத்தனை வருஷம் இருக்கப்போறாங்கன்னு நெனச்சீங்க?"

பிறகு பொறுமையாகவே சொன்னார். வலிக்குத் தக்கபடி நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும். முதலிரண்டு நாள் தூக்கம் வரும். மலச்சிக்கல் கட்டாயம் வரும், அதற்குத் தனி மருந்து உண்டு. எழுப்பியும் எழாமல் மயங்கினாலோ மூச்சு மெதுவானாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் கொண்டுவர வேண்டும். புட்டியைப் பூட்டி வைக்க வேண்டும். "அளவைக் கூட்டவும் குறைக்கவும் நீங்க டாக்டர் இல்ல" என்று முடித்தார்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். முடியவில்லை.

"தண்ணியா கலந்தே?" என்றாள். "நம்ம பால்காரன்கூட இவ்ளோ கலக்க மாட்டானேடா."

நான் அழுதேன். அவளுக்கு அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

"பழக்கமானா ஆயிட்டுப் போவுது. நான் இன்னா, ஒன்ன மாதிரி வேலைக்குத் திரும்பிப் போவப் போறேனா? முதுகு வலிக்குதுடா நைனா. மொதல்ல மருந்த ஊத்து."

முழு அளவை ஊற்றினேன். இரண்டு நாள் பெரும்பாலும் தூங்கினாள். மூன்றாவது நாள் எழுந்து உட்கார்ந்து நெத்திலிக் குழம்பு கேட்டாள். சரோஜா வைத்த குழம்பில் புளி போதவில்லை என்றாள். அதற்கு அடுத்த நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து முடியைக் காயவைத்தாள். ஷிப்டுக்குப் போகிறவர்களையெல்லாம் நிறுத்திப் பேசினாள். கணவன் செத்த கதையை, நான் அதுவரை கேட்டேயிராத கதையை, எனக்குச் சொன்னாள். வலி ஏற ஏற டாக்டர் அளவை ஏற்றினார். ஐந்து வாரம் இருந்தாள். ஒரு மதியம், சரோஜாவின் மடியில் தலை வைத்திருந்தபோது போனாள்.

இதைப் படிக்கிற உங்கள் வீட்டு அலமாரியிலும் அப்படி ஒரு புட்டி இருக்கலாம். அதைக் கண்டு பயப்படாதீர்கள் என்று என்னால் சொல்ல முடியாது. நான் இன்றும் பயப்படுகிறேன். யாருக்கு, எதற்கு, எத்தனை நாளைக்கு என்று கேளுங்கள். அவசரத்தில் இருக்கும் டாக்டரையும் நிறுத்திக் கேளுங்கள். கேட்டுவிட்டால், அவர் சொன்னபடி கொடுங்கள்.

மழைக்காலத்தில் என் தொடை வலிக்கும். இப்போது எங்கே, எவ்வளவு என்று என்னால் சொல்ல முடிகிறது. வலி வலியாக மட்டும் இருப்பது ஒரு விடுதலைதான்.

ஆனால் நாட்கள் எனக்குப் பழைய மாதிரி இல்லை. அக்கா மருந்தோடு இருந்த அந்த ஐந்து வாரத்தை நினைத்தால் ஒரு வருடம்போல நீளமாக இருக்கிறது. என்னென்ன பேசினாள், யாரைத் திட்டினாள், எல்லாம் நினைவிருக்கிறது. அதற்கு முந்தைய பதினோரு நாளில் அவள் பேசியது என்ன என்று தேடிப் பார்க்கிறேன். ஒன்றுமே இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பிய முதுகு மட்டும் தெரிகிறது.