மலை சுற்றும் கணக்கு

எங்கள் பள்ளியின் கணித மன்றத்துக்குக் கணக்கு வாத்தியாரான நான் செயலாளர். தலைவர், வழக்கப்படி, தலைமையாசிரியர். துணைத்தலைவர் ஓவிய ஆசிரியர், பணிமூப்பு அவருக்குத்தான். மன்றம் மாதம் ஒருமுறை கூட வேண்டும் என்பது விதி. கூடியதாக நான் எழுதுவேன், தலைவர் கையெழுத்துப் போடுவார், ஆய்வுக்கு வரும் அதிகாரி ‘மன்றம் சிறப்பாகச் செயல்படுகிறது’ என்று குறித்துவிட்டு டிபன் சாப்பிடப் போவார். உண்மையில் அது வருஷத்துக்கு ஒருநாள்தான் உயிரோடு இருந்தது, கணித விழா அன்று. பை மதிப்பை சார்ட் தாளில் எழுதிச் சுற்றிலும் பூ வரைந்து ஒட்டுவார்கள். ஒருவன் பத்தொன்பதாம் வாய்ப்பாட்டை மூச்சு விடாமல் ஒப்பிப்பான். எல்லோரும் கைதட்டுவார்கள். இதில் கணிதம் எங்கே இருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு துணைக்குழு போட்டிருப்போம்.

எண்பதுகளின் தொடக்கத்தில், நாங்கள் எல்லாவற்றுக்கும் மாவட்டத் தலைநகரான வேலூருக்கு ஓடிக்கொண்டிருந்த காலத்தில், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான மாவட்டக் கணிதப் போட்டி எங்கள் பள்ளியில் நடந்தது. எங்கள் தகுதியைப் பார்த்து யாரும் கொடுக்கவில்லை. முதல் பரிசு வாங்கும் பிள்ளையை மேல்நிலை இரண்டு வருஷமும் விடுதியில் தங்கிப் படிக்கவைப்பதாக ஊரில் ஒரு அரிசி மில் முதலாளி ஒத்துக்கொண்டிருந்தார். அந்தப் பரிசைச் சொந்த ஊர் மேடையில் கொடுக்க அவருக்கு ஆசை. அவ்வளவுதான்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து படிக்கும் ஒரு பெண் என் வகுப்பில் இருந்தாள். அப்பா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிரிடுபவர். பத்தாவதோடு போதும் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. இந்த விடுதி இடம் கிடைத்தால் மட்டும் மேலே அனுப்புவதாக அவர் சொல்லியிருந்தார். போட்டியன்று அவரும் வந்து, ஹாலின் கடைசி பெஞ்சில் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வினாத்தாள் தயாரித்ததும் திருத்தியதும் வேலூரிலிருந்து வந்த ஒரு கணிதப் பேராசிரியர். ஊருக்கு மரியாதை செய்வதாக நினைத்துக் கடைசிக் கேள்வியை இப்படி அமைத்திருந்தார். இந்த ஊர் மலையைச் சுற்றும் கிரிவலப் பாதை பதினான்கு கிலோமீட்டர். இருவர் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் புறப்படுகிறார்கள். ஒருவர் வேகம் மணிக்கு நான்கு கிலோமீட்டர், மற்றவர் வேகம் மூன்று. மறுபடி எப்போது சந்திப்பார்கள்?

எந்தத் திசையில் போகிறார்கள் என்று சொல்லவில்லை. எதிரெதிராகப் போனால் இரண்டு மணி நேரம். ஒரே பக்கமாகப் போனால் பதினான்கு மணி நேரம். பேராசிரியரின் விடைக்குறிப்பில் இரண்டு. அவர் கையில் இருந்த எல்லாப் புத்தகங்களிலும் இருவர் எதிரெதிராகத்தான் ஓடுவார்கள். எங்கள் பெண் பதினான்கு என்று எழுதியிருந்தாள். மற்ற எல்லாவற்றிலும் அவளும் ஒரு வேலூர்ப் பையனும் சமம். இந்த ஒரு கேள்வியில் அவன் முதலிடம், அவள் இரண்டாமிடம்.

ஆட்சேபணை தெரிவிக்க நடைமுறை உண்டு. முடிவு அறிவித்த அரைமணிக்குள், எழுத்து மூலம், தலைமையாசிரியர் வழியாக. எழுதினேன். கேள்வியில் குறை இருக்கிறது, அதை நீக்கிவிட்டு இருவருக்கும் மறுதேர்வு வைக்க வேண்டும் என்று. தலைமையாசிரியர் படித்துப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் எதுக்கு சார்? பங்ஷன் நல்லா போயிட்டு இருக்குது” என்றார். விதி எண்ணைச் சொன்னதும் கையெழுத்துப் போட்டார். அந்தத் தாள் விதிப்படி யாரிடம் போக வேண்டும்? கேள்வி தயாரித்த பேராசிரியரிடம்தான். போயிற்று. அவர் அந்தப் பெண்ணை மேடைக்குக் கூப்பிட்டார்.

“ஏம்மா, பதினாலு மணி நேரம் ஒருத்தன் நிக்காம நடப்பானா?”

“வேண்டுதல் இருந்தா நடப்பாங்க சார்.”

ஹாலில் சிரிப்பு எழுந்தது. பேராசிரியருக்குச் சிரிப்பு வரவில்லை. “கணக்குன்னா எதிரெதிராதான் போவாங்க. அதான் முறை.”

“இங்க மலையை எல்லாரும் வலமாத்தான் சுத்துவாங்க. யாரும் எதிர்ல வரமாட்டாங்க சார்.”

மாலையைக் கழற்றாமல் அரைத்தூக்கத்தில் இருந்த மில் முதலாளி இந்த இடத்தில் கண்ணைத் திறந்தார். “இன்னா சொல்றாரு? மலையை இடமாச் சுத்தறதா? எவன்யா இதைப் போட்டது?”

பக்கத்தில் இருந்த தலைமையாசிரியர் பேராசிரியரைக் கண்ணால் காட்டிவிட்டார். அவர் காட்டிய வேகத்தை அன்றுவரை எந்தக் கோப்பிலும் நான் பார்த்ததில்லை.

“வாத்தியாரே, நீங்க எந்த ஊரு? அப்பிரதட்சிணமா போறதுக்கு என் மில்லு செலவு பண்ணணுமா? இந்தப் பொண்ணு சொன்னதுதான் சரி. பக்தி இருக்குது அதுக்கு.”

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டபோது அவருக்குக் கணிதம் வேறு மாதிரி தெரிந்தது. “உள்ளூர் வழக்கத்தையும் கணக்கில எடுத்துக்கிட்டா, ஆமா, பதினாலுதான் பொருத்தம்” என்று மைக்கிலேயே சொன்னார். இரண்டு நிமிஷத்தில் முதலிடம் மாறியது. புத்தகம் சொன்னபடி எழுதிய வேலூர்ப் பையன் எழுந்து வெளியே போனான். அவனுக்கு ஆட்சேபணை எழுத ஆள் வரவில்லை. நான் கேட்ட மறுதேர்வைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒரு மாவட்டத்தின் கணிதப் போட்டியைக் கடைசியில் பிரதட்சிணம் தீர்த்துவைத்தது. வந்தவர்கள் சர்க்கரைப் பொங்கல் வாங்கிக்கொண்டு நிறைந்த மனதோடு கலைந்தார்கள்.

கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் அப்பாவையும் பெண்ணையும் பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோய் விட்டேன். அவர் யார் யாருக்கோ கும்பிடு போட்டுக்கொண்டே முன்னால் நடந்தார். அவள் என்னோடு வந்தாள்.

“ஏம்மா, எழுதும்போது திசை குடுக்கலைன்னு தோணலையா?”

“தோணுச்சு சார். ரெண்டு பதிலும் வரும்னு தெரியும்.”

“அப்படியே எழுதியிருக்கலாமே?”

“ரெண்டு பதில் எழுதினா முட்டைதான் போடுவாங்க சார். யாரு திருத்துவாங்கனு யோசிச்சேன். நம்ம ஊரு சாருங்கதான் திருத்துவாங்கனு நெனைச்சு பதினாலு போட்டேன். வேலூர்ல இருந்து வருவாங்கனு தெரிஞ்சிருந்தா ரெண்டு மணி நேரம்னு எழுதியிருப்பேன்.”

அவள் வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. ஒரு தேற்றத்தை நிரூபித்துக் காட்டுகிற தொனியில் சொன்னாள். எங்கள் மன்றத்தில் இருந்து அவள் எதையாவது கற்றுக்கொண்டாள் என்றால் அது இதுதான். நன்றாகவே கற்றிருந்தாள்.

“ப்ளஸ் ஒன்ல மேத்ஸ் குரூப்பே கேளு” என்றேன்.

“கேக்கறேன் சார்” என்று சொல்லி, அப்பாவுக்கு ஜன்னல் சீட்டுப் பிடிக்க முண்டியடித்துக்கொண்டு ஏறினாள்.