ஏழு ராத்தல் பாலாடைக்கட்டியும் பின்வாசல் தட்டும்

சாம்ஸோ என்று ஒரு தீவு இருப்பதை நான் முதலில் பார்த்தது ஒரு பாலாடைக்கட்டியைச் சுற்றியிருந்த காகிதத்தில். ரங்கூன் பசுந்தாங் பேட்டையில் உள்ள எங்கள் ஆலை அரிசியை ஏற்றிப்போகும் டென்மார்க் கப்பலின் இரண்டாம் இன்ஜினியர் நீல்ஸ், ரங்கூனுக்கு வரும்போதெல்லாம் தன் ஊர்ச் சரக்கில் ஒரு துண்டு எனக்குக் கொடுப்பார். அதை நான் தனியாகத் தின்றதில்லை. அதற்குக் காரணம் என் மனைவி செண்பகம்.

அவள் திருநெல்வேலிப் பக்கத்துச் சைவம். நான் ரங்கூனிலேயே பிறந்தவன். நாப்பி இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. மீனைப் புளிக்க வைத்து அரைக்கும் அந்த விழுதின் வாசம் எனக்கு அமிர்தம், அவளுக்குக் குமட்டல். கல்யாணமாகி வந்த முதல் வாரமே உத்தரவு போட்டாள்: நாப்பித் தட்டு பின்வாசலைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. மூன்று வருஷமாக நான் பின்வாசலில், அவள் கூடத்தில். நாங்கள் இருவரும் ஒரே தட்டில் கைவைப்பது நீல்ஸின் பாலாடைக்கட்டிக்கு மட்டும்தான். “வெறும் பால்தான், சுத்த சைவம்” என்று சத்தியம் செய்து கொடுத்தவன் நான்.

சென்ற ஆண்டு போன அரிசியில் சில மூட்டைகள் பூஞ்சை பிடித்துவிட்டதாகப் புகார் வந்தது. இந்த ஆண்டு சரக்கோடு நீயே போய், வாங்குபவர் முன்னிலையில் மூட்டையைப் பிரித்துக் காட்டு என்றார் முதலாளி. பர்மியர்களின் தண்ணீர்த் திருவிழா முடிந்த மறுவாரம் கிளம்பினேன். செண்பகம் கேட்டது ஒன்றே ஒன்று.

“அந்த ஊருக்கே போறீக. துண்டு துக்காணி வேண்டாம், முழுசா ஒண்ணு வாங்கிட்டு வாங்க.”

கொழும்பு, ஏடன், சூயஸ் வழியாகக் கோபன்ஹேகன் சேர முப்பத்தைந்து நாள். முதல் ஆறு நாள் வாந்தியைத் தவிர எழுத ஒன்றுமில்லை. மூட்டைகள் காய்ந்த சருகாக இருந்தன. முதலாளி மானம் தப்பியது. எனக்கு நான்கு நாள் ஓய்வு. நீல்ஸ் விடுப்பில் தன் ஊரான சாம்ஸோவுக்குப் போகிறார் என்றதும் ஒட்டிக்கொண்டேன்.

காலை எட்டு மணி ரயில். எழுபது மைல், மூன்று மணி நேரம், மூன்றாம் வகுப்பில் ஐந்து குரோனர். நம் கணக்கில் நாலு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. பெஞ்சு பலகைதான், ஆனால் துடைத்து வைத்த பலகை. கடற்கரை ஊரில் இறங்கிப் பகல் பன்னிரண்டு மணிக்கு நீராவிப் படகு. தீவுக்கு இரண்டரை மணி நேரம். ரங்கூனில் அக்கரை டாலாவுக்குப் படகில் ஆற்றைக் கடக்கிற தைரியத்தில் மேல்தட்டில் நின்றேன். மே மாதக் கடைசியிலும் காற்று காதை அறுத்தது. கம்பளிக் கோட்டுக்கு மேல் லுங்கியைச் சுற்றிக்கொண்டேன். யாரும் சிரிக்கவில்லை, ஒரு கிழவர் மட்டும் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

படகுத்துறையிலிருந்து ஊருக்கு நாலு மைல், குதிரை வண்டி. வண்டிக்காரர் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு நீல்ஸிடம் ஏதோ கேட்டார்.

“ரங்கூன்ல மாடு உண்டான்னு கேக்கிறார்” என்றார் நீல்ஸ் ஆங்கிலத்தில்.

“உண்டுன்னு சொல்லுங்க. ஆனா இவ்வளவு அமைதியா நிக்காது.”

உண்மையிலேயே அமைதி. நாற்பது வீடு, ஒரு மாதாகோயில், ஒரு பால் பண்ணை. பசுந்தாங் சந்தையில் ஒரு கட்டுக் கீரை வாங்க ஆகிற சத்தம் இந்த ஊருக்கு ஒரு வாரம் வரும். பால் பண்ணையில் வேலை பார்க்கும் நீல்ஸின் அக்கா கேரன், பாலாடைக்கட்டி அடுக்கிய நிலவறையைத் திறந்து காட்டினாள். கதவு திறந்ததும் வந்த வாசம் நேராக நம் நாப்பிக் கடை வாசம்! வீட்டு நினைப்பு வந்து எனக்குப் பசித்தது. மஞ்சள் சக்கரமாக ஏழு ராத்தலில் ஒன்றை ஆறு குரோனருக்கு வாங்கி, அன்று முழுதும் கையைவிட்டு இறக்கவில்லை.

மறுநாள் காலை ஆறரைக்கு, செய்யும் விதத்தையும் பார்க்கப் போனேன். ஊர்க்காரர்கள் குதிரை வண்டியில் பால் கேன்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். பெரிய செப்புத் தொட்டியில் பாலை இளஞ்சூடாக்கி, கேரன் ஒரு புட்டியிலிருந்து பழுப்பு நீரைக் கொஞ்சம் ஊற்றினாள். அரை மணியில் அவ்வளவு பாலும் கட்டித் தயிராக நின்றது. உறைமோர் ஊற்றினால் இவ்வளவு சுருக்காக உறையாதே என்று கேட்டேன்.

கேரன் சொன்னதைக் கேட்டு நீல்ஸ் தன் வயிற்றைத் தட்டிக் காட்டினார். “கன்றுக்குட்டியோட இரைப்பை. அதை ஊறவெச்சு எடுத்த தண்ணி.”

“செத்த கன்றா?”

“உயிரோட இருக்கிறது எப்படிக் கொடுக்கும்?”

மூன்று வருஷம்! சத்தியம் செய்தவன் நான். சக்கரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றால், அவள் கேட்டது அது ஒன்றுதான்.

திரும்பும் கப்பலில் ஏடன் வரை, சொல்ல வேண்டாம் என்று இருந்தேன். தெரியாமல் தின்றதில் பாவம் இல்லை, தெரிந்தால்தானே வம்பு? கொழும்பில் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். ரங்கூன் ஆற்று முகத்தில் தைரியம் மறுபடி போய்விட்டது. அவளோடு இருக்கிற ஒரே தட்டும் போய்விடும் என்று பயந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், பயந்தேன்.

ஜூலை மழையில் லாஞ்சா இழுத்தவர் மூட்டையை முகர்ந்து பார்த்து, “நாப்பியா சாமி?” என்றார். ரிக்‌ஷாவுக்குள் நான் அதை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டேன்.

செண்பகம் சக்கரத்தைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தாள். கத்தியும் ஒரு தட்டும் எடுத்துவந்து கூடத்து நடுவில் வைத்தாள். அந்த ஒரு தட்டைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை. கத்தி இறங்கும் முன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவள் முகம் சிவந்தது. எழுந்து போய் வாயைக் கொப்பளித்தாள். நான் வழக்கம்போலப் பின்வாசலுக்குப் போய் உட்கார்ந்து, சோற்றில் நாப்பியைப் பிசைந்தேன்.

“மூணு வருசமா நான் கன்னுக்குட்டி வயித்தத் தின்னுகிட்டு, உங்கள மீனுக்காக வாசல்ல உக்கார வச்சிருக்கேன்” என்றாள் பின்னாலிருந்து. குரல் அழுகிறதா சிரிக்கிறதா என்று தெரியவில்லை. “இனிமே அதத் தொட மாட்டேன். உங்க நாப்பியையும் தொட மாட்டேன். ஆனா தட்ட எடுத்துக்கிட்டு உள்ள வாங்க.”

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. மே கடைசியில் போனால் மாடுகள் புல்லில் நிற்கும். கம்பளி இரண்டு வேண்டும். கோபன்ஹேகனிலிருந்து போய்வர, சாப்பாடு சேர்த்து, இருபது ரூபாய் போதும். ஊரில் விடுதி இல்லை, தெரிந்தவர் வீடு வேண்டும். சைவர்கள் வாங்கும் முன், எதை ஊற்றி உறைய வைத்தார்கள் என்று கேளுங்கள். கேட்டுத் தெரிந்ததை வீட்டில் மறைக்காதீர்கள். எங்கள் சக்கரத்தை மேல்மாடிக்காரர்கள் ஒரு வாரத்தில் தின்று தீர்த்தார்கள். நான் இப்போது கூடத்தில் சாப்பிடுகிறேன். செண்பகம் பக்கத்தில், மூக்கைப் பொத்திக்கொண்டு.