முகமூடிக்காரன் சொன்ன வார்த்தை

எங்கள் பள்ளி வேனில் அப்போது இரண்டு கட்சிகள் இருந்தன. முகமூடிக்காரன் செத்துவிட்டான் என்றது ஒரு கட்சி. சாகவில்லை என்றது இன்னொன்று. இரண்டாவது கட்சிக்குத் தலைவி நான், பேச்சாளர் நான், பெரும்பாலான நாட்களில் ஒரே தொண்டரும் நானேதான். இரும்புலியூரில் ஏறிப் பள்ளி வாசலில் இறங்குவதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிடும். முகமூடிக்காரனின் அசல் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் இந்த வயதிலும் யாராவது சண்டைக்கு வருவார்கள்.

அவனை எனக்கு அறிமுகம் செய்துவைத்தது மாமா. அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டிலேயே தங்கி, தினமும் கம்பெனி பஸ்ஸில் படப்பை வழியாக ஒரகடத்துக்கு வேலைக்குப் போய்வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்துப் பழைய புத்தகக் கடையில் ஓரம் கிழிந்த காமிக்ஸ் புத்தகங்களை அள்ளிக்கொண்டு வருவார். அதில் இருக்கிற இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் புரியும். மீதியைப் படம் பார்த்து நானே இட்டுக்கட்டிக்கொள்வேன். நான் இட்டுக்கட்டிய கதை அசலைவிட நன்றாக இருக்கிறது என்று மாமா சொல்வார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவன் படத்தின் இரண்டாம் பாகம் வந்தபோது தமிழ் டப்பிங்கில் என்னைக் கூட்டிக்கொண்டு போனதும் அவர்தான். கடைசிக் காட்சியில் ஊரைக் காப்பாற்ற முகமூடிக்காரன் தன் இரும்புக் கவசத்தோடு பிளந்த பூமிக்குள் குதிக்கிறான். குதிப்பதற்கு முன்னால் தன் காதலியைத் திரும்பிப் பார்த்து, "போயிட்டு வரேன்" என்கிறான். தியேட்டரே மூக்கைச் சிந்தியது. நான் அழவில்லை. போயிட்டு வரேன் என்று சொன்னவன் வராமல் எப்படி இருப்பான்? சாகப்போகிறவனாக இருந்தால் போறேன் என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்? எங்கள் வீட்டில் முனைக்கடைக்குக் கொத்தமல்லி வாங்கப் போகும்போதுகூட யாரும் போறேன் என்று சொல்லக்கூடாது. என் கட்சியின் மொத்தக் கொள்கையும் இதுதான்.

வண்டலூரில் இருந்த பெரியப்பா மகன் அதே படத்தை இங்கிலீஷில் பார்த்திருந்தான். ஒன்பதாவது படித்தான். ஆகவே உலகத்தில் அவனுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை.

"லூசு, அவன் வெறும் குட்பைதான் சொன்னான். முகமூடிக்குள்ள வாய் தெரியுதா? டப்பிங்ல எதை வேணா பேசிடலாம்" என்றான்.

செல்போனில் அந்தக் காட்சியைப் போட்டும் காட்டினான். குட்பைதான். என் காதாலேயே கேட்டேன். ஆனால் கட்சித் தலைவி அழ முடியுமா? பந்தயம் கட்டினோம். மூன்றாம் பாகத்தில் முகமூடிக்காரன் வந்தால் அண்ணனின் காமிக்ஸ் முழுவதும் எனக்கு. வராவிட்டால் என் காமிக்ஸ் அட்டைப்பெட்டி அப்படியே அவனுக்கு. மாமாவை நடுவராகப் போட்டோம். அவர் ரொம்ப நேரம் தாடையைத் தடவிவிட்டு, "தமிழ்ல சொல்லிட்டான்ல? வந்துதான் ஆகணும்" என்றார். நடுவர் இப்படிப் பேசலாமா என்று அண்ணன் எகிறினான்.

இது நடந்து இரண்டு மாதத்தில் கம்பெனி மாமாவை ஜெர்மனிக்கு அனுப்பியது. இரண்டு வருட வேலை. வீட்டில் கேசரி கிளறினார்கள். அம்மா மட்டும் சிரித்த முகமாகவே இல்லை. அம்மாவுக்கு ஒரு அண்ணனும் உண்டு. அவரும் இப்படித்தான் இரண்டு வருடம் என்று வெளிநாடு போனார். எனக்கு அவரை ஆல்பத்தில் இருக்கிற ஒரு மீசையாகத்தான் தெரியும்.

மாமா கிளம்பிய மதியம் வாசலில் கால் டாக்சி நின்றது. விமானப்படைப் பயிற்சி விமானம் ஒன்று தலைக்கு மேலே இரைந்துகொண்டு போனது. அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேச வேண்டியிருந்ததால் மாமா யோசிக்காமல், "சரிக்கா, நான் போறேன்" என்றுவிட்டார்.

"வாயைக் கழுவுடா! வரேன்னு சொல்லு" என்று அம்மா அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி, சரி. போயிட்டு வரேன்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மாமா, அம்மா உங்களுக்கு டப்பிங் பண்றாங்க!" என்று கத்தினேன். மாமாவும் டாக்சி டிரைவரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. நல்ல ஜோக் என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் அந்த அதிசயம் நடந்தது. முகமூடிக்காரனை இரும்புச் சட்டி என்றே அழைத்துவந்த அம்மா, மெல்ல மெல்ல அவன் ரசிகையாகிவிட்டாள். பீன்ஸ் நறுக்கும்போது தானாகவே கேட்பாள், "உன் ஆளு நிச்சயம் வருவானா?" எனக்குத் தலைகால் புரியாது. காமிக்ஸ் பெட்டியைக் கொண்டுவந்து கடைபரப்பி, எந்தப் பக்கத்தில் அவன் எப்படித் தப்பித்தான் என்று ஒவ்வொன்றாக விளக்குவேன். அவ்வளவையும் பொறுமையாகக் கேட்டுக்கொள்வாள்.

ஒருநாள், "குட்பைன்னா வரேன்னு அர்த்தமா, போறேன்னு அர்த்தமா?" என்று கேட்டாள்.

"இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒண்ணுதாம்மா."

"என்ன பாஷையோ" என்று சலித்துக்கொண்டு மறுபடி நறுக்க ஆரம்பித்தாள்.

வீடியோ காலில் மாமா "பை பை" என்று சொன்னால் அம்மா விடமாட்டாள். வரேன் என்று சொல்லவைத்துவிட்டுத்தான் போனை வைப்பாள். இரண்டாவது வருடக் கடைசியில் ஒரு காலில் மாமா, இன்னும் ஐந்து வருடம் இருக்கச் சொல்லி அங்கே கேட்கிறார்கள் என்றும், நல்ல வாய்ப்பு என்றும், யோசிப்பதாகவும் சொன்னார். அம்மா, "உன் இஷ்டம்டா" என்றாள். அன்று சாயங்காலம் என்னிடம் வந்து, "மூணாம் பாகம் எப்ப?" என்றாள். அடுத்த மாதம் என்றேன். விளம்பரத்தில் அவன் முகத்தையே காட்டவில்லை என்ற கவலையையும் சொன்னேன். அம்மா என் தலையைக் கோதிவிட்டுப் போனாள்.

படம் வந்த வாரம் மாமா வந்தார். லீவு மூன்று வாரம்தான் என்று கேள்வி. அங்கேயே படம் வந்துவிட்டதாம், ஆனாலும் என்னோடு தமிழில் பார்ப்பதற்காகப் பார்க்காமல் காத்திருந்தாராம். சனிக்கிழமை மேட்னி. மாமா, நான், பெரியப்பா மகன். சொன்னால் நம்பமாட்டீர்கள், அம்மாவும் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள்.

முகமூடிக்காரன் வரவில்லை. இரண்டரை மணி நேரமும் வரவில்லை. யாரோ ஒரு பொடியன் அவன் முகமூடியை மாட்டிக்கொண்டு பறந்தான். பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் அண்ணன், "பெட்டியைத் தயாரா வை" என்று என் மண்டையில் தட்டிவிட்டு வெளியே போனான். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. மாமா மட்டும், "உக்காரு, இன்னும் முடியல" என்றார்.

லைட்டெல்லாம் போட்டுவிட்டார்கள். துடைப்பத்தோடு வந்த ஆள், "இன்னாமா, படம் முட்ஞ்சிடுச்சி, வூட்டுக்குப் போவல?" என்றார். ஓடுகிற பெயர்களைக் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மாமா அம்மாவிடம், "அந்த அஞ்சு வருஷத்துக்கு முடியாதுன்னு சொல்லிட்டேன்க்கா. டிசம்பரோட வந்துடறேன்" என்று ஏதோ ஆபீஸ் விஷயம் பேசிக்கொண்டிருந்தார். உஷ் என்று அதட்டினேன்.

அந்த நொடியில் திரையில் மண் அசைந்தது. பிளந்த பூமிக்குள்ளிருந்து ஒரு இரும்புக் கை வெளியே வந்தது. அவ்வளவுதான், ஐந்து விநாடி. நான் சீட்டின் மேல் ஏறி நின்று கத்தினேன். துடைப்பக்காரர்கூட விசிலடித்தார்.

திரும்பிப் பார்த்தால் அம்மா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். "நான் சொல்லல? வரேன்னு சொன்னவன் வந்துடுவான்னு நான் சொல்லல?" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். அது என் தியரி. இரண்டு வருடம் ஒற்றை ஆளாக வேனில் தொண்டை கிழியக் கத்தியவள் நான். இருந்தாலும் பெருந்தன்மையாக மன்னித்துவிட்டேன்.

பெரியப்பா மகன் அந்தக் கை யாருடையது என்று தெரியாமல் பந்தயம் செல்லாது என்றான். இன்றுவரை அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறான். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. திங்கட்கிழமை வேனில் ஏறியதும் நடுவில் நின்று, எங்கள் கட்சியில் இரண்டாவது ஆள் சேர்ந்துவிட்டார் என்று அறிவித்தேன். முகமூடிக்காரனின் கையைப் பார்த்ததும் எங்கம்மா தேம்பித் தேம்பி அழுதுவிட்டார்கள், அவ்வளவு பெரிய ரசிகை என்று பெருமையாகச் சொன்னேன்.